கதவில் சாய்ந்த துடைப்பம்

இரவு பதினொன்றரை மணி. காட்டுக்குள் போகும் மண்பாதை. ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது... எதிரே ஒரு வண்டி வரவில்லை. ஆனால் இருட்டும் இல்லை. உலகத்தின் வடகோடியில் ஜூலை மாதம் அல்லவா? சூரியன் பேருக்கு மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது, அவ்வளவுதான். பேய்க் கதைக்கு இருட்டு வேண்டும் என்கிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது முழுக்க முழுக்க வெளிச்சத்தில் நடந்த கதை.

நடந்தது கவுக்கோவின் தங்கைக்கு. காகித ஆலையில் என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கிறானே, அதே கவுக்கோ. ஒரு பொய்யை முழுசாகச் சொல்லி முடிக்கும் அளவுக்கு அவனுக்குக் கற்பனை போதாது. அதனால்தான் நான் நம்பினேன்.

தங்கை பெயர் ரைலி. கணவன் உர்ஹோ. ஆலை மூடும் கோடை வாரங்களில், சைமா ஏரியில் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரே ஒரு மரக்குடில், அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மண்பாதை முடிந்த துறையில் குடிலின் சொந்தக்காரர் விஹ்தோரி படகோடு காத்திருந்தார். கொசு மொய்த்தது. படகில் தார் வாசம்.

“கதவுக்குப் பூட்டு கிடையாது. வெளிய போனா துடைப்பத்தைச் சாய்ச்சு வெச்சிட்டுப் போங்க” என்றார்.

“இதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமாய்யா?” என்றான் உர்ஹோ.

தேமு, நீ தலைநகரத்திலிருந்து ஆலைக்குப் புதிதாக வந்த பிள்ளை, திருதிருவென்று முழிக்காதே, உனக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் குடிலின் கதவில் வெளியே துடைப்பம் சாய்ந்திருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். பார்த்தவர்கள் தட்டாமல் திரும்பிவிடுவார்கள். பூட்டைவிட அதற்கு மரியாதை அதிகம்.

விஹ்தோரி படகை அவர்களிடம் ஒப்படைக்க அவிழ்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

“உள்ள ஆள் இருக்கறப்போ மட்டும் சாய்ச்சிடாதீங்க.”

“எந்தக் கிறுக்கன் அப்படிச் செய்வான்?” என்று உர்ஹோ சிரித்தான். விஹ்தோரி சிரிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பிற்பகல். விறகடுப்பில் புது உருளைக்கிழங்கு கொதிக்கிறது. உர்ஹோ சாஸேஜ் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடுகிறான்.

“கடுகு விழுது எங்க?”

“நீதானே பையை அடுக்கின.”

“கடுகு இல்லாம சாஸேஜா?”

“வெண்ணெய தொட்டுக்கயேன்.”

“அதுக்கு என் பூட்ஸையே வேக வெச்சுத் தின்னுடுவேன்.”

“அப்போ துறைக்குப் போய் விஹ்தோரிகிட்ட வாங்கிட்டு வா. கிழங்கு வேகறதுக்குள்ள வந்து சேரு, இல்லன்னா எல்லாத்தையும் நானே தின்னுடுவேன்.”

சிரித்துக்கொண்டே வெளியே போனான். கொசு வராமல் கதவைச் சாத்தினான். ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் செய்கிற வேலை... கதவைச் சாத்து, துடைப்பத்தை எடு, சாய்த்து வை. கை தன் பாட்டுக்குச் செய்தது. தலையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படகின் மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவன் துடைப்பத்தைச் சாய்த்தபோது உள்ளே ரைலிக்குக் கதவில் சரக்கென்று ஒரு சின்ன ஓசை கேட்டது. அவ்வளவுதான். அடுத்த நொடி, கிழங்கு கொதிக்கும் சத்தம் நின்றது. மெல்ல அடங்கவில்லை... நின்றது. திரும்பிப் பார்த்தாள். அடுப்பின் மேல் பானை இல்லை. சுவரில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. உலர்ந்துபோய். அடுப்பைத் திறந்தாள். ஆறிய சாம்பல், சமமாகத் தட்டிப் பரப்பியிருந்தது. சதகுப்பைக் கீரை போட்ட கிழங்கின் வாசம் போய் வேறொரு வாடை வந்தது. குளிர்ந்த கரி, எலிப் புழுக்கை, ஈரக் கம்பளி. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த குடிலை மே மாதத்தில் திறந்தால் வருமே, அந்த வாடை.

கதவைத் தள்ளினாள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. சாய்ந்திருப்பது வெறும் குச்சித் துடைப்பம், குழந்தை தள்ளினாலும் விழும். கதவு ஒரு விரற்கடை போனது... திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். ஒரு விரற்கடை... திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ஒருத்தர் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல.

“உர்ஹோ, விளையாடாத!” என்று கத்தினாள்.

பின்னால் தரைப் பலகையில்... தப். தப். கம்பளிக் காலுறை போட்ட கால். அவசரமே இல்லாத நடை. திரும்பினாள். யாரும் இல்லை. ஆனால் அவள் குடித்துவிட்டு வைத்த காபிக் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். விரிப்பு இல்லை, மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. அவள் கண்ணை எடுத்த இடமெல்லாம் ஒவ்வொன்றாகக் காலியானது. நாற்காலியில் போட்டிருந்த நீலச் சட்டை. சீப்பு. ஜன்னலோரத்தில் ஜாடியில் வைத்த பூ. துடைப்பம் சொன்னபடியே வீட்டை ஆள் இல்லாத வீடாக ஆக்கிக்கொண்டிருந்தது, அது.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

அப்போது படகுச் சத்தம். ரைலி ஜன்னலுக்கு ஓடினாள். உர்ஹோ இல்லை. பக்கத்துத் தீவுக் கணவனும் மனைவியும், புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரியோடு வந்திருந்தார்கள். அந்தப் பெண் பாதி வழி ஏறி வந்தவள் நின்றாள்.

“ஆளில்லங்க. துடைப்பம் சாய்ஞ்சிருக்கு.”

“பழத்தை வெச்சுட்டு வா.”

“எறும்புக்கா? நாளைக்கு வரலாம்.”

ரைலி கத்தினாள். முக்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி உடையவில்லை, சத்தம்கூட வரவில்லை. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, இரண்டடி நெருங்கி வந்தாள். ரைலியின் முகத்துக்கு நேராகப் பார்த்தாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சரிபார்த்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்விட்டார்கள்.

ரைலி ஜன்னலில் மூக்கை அழுத்தி, எவ்வளவு நேரம் கத்தினாளோ தெரியாது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். அத்தனை நேரம் கத்தியும் கண்ணாடியில் ஆவி படியவில்லை.

வெயில் அதே இடத்தில் நின்றது. மணி தெரியவில்லை. குடிலில் இருந்த அவளுடைய பொருள் எல்லாம் போய்விட்டது. எடுத்து வைக்காமல் மிச்சமிருந்தது அவள் மட்டும்தான். தப்... தப்... அந்த நடை அவளை நோக்கி வந்தது. பின்னால் நின்றது. அவள் தோள் இரண்டிலும் ஏதோ பட்டது, கம்பளி ஈரம். மடிப்பதற்கு முன்னால் ஒரு துணியை இரு முனையிலும் பிடிப்பார்களே... அப்படி.

அந்த நேரத்தில் ஏரியின் நடுவே உர்ஹோவை அந்தக் கணவனும் மனைவியும் பார்த்திருக்கிறார்கள். “வீட்ல யாருமே இல்லையே, துடைப்பம் சாய்ஞ்சிருந்துச்சே” என்றிருக்கிறார்கள். தீவில் வேறு படகு கிடையாது. அவள் எங்கே போயிருக்க முடியும்? உர்ஹோ கையில் இருந்த கடுகுக் குழாயைப் பார்த்தான். பிறகு அந்தக் கையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குக் கை செய்த காரியம் உறைத்தது.

படகைக் கட்டக்கூட இல்லை. ஓடிவந்து துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரில் வீசினான். கதவு சாதாரணமாகத் திறந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கத்திலேயே ரைலி நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் நீலச் சட்டை. அவளைக் கட்டிப்பிடித்து அந்தத் தடிப்பயல் குழந்தை மாதிரி அழுதான் என்று கவுக்கோ சொன்னான்.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். துறையில் விஹ்தோரி உர்ஹோவைப் பார்க்கவில்லை, ரைலியைத்தான் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் சாய்ஞ்சிருந்துச்சு?”

“நாப்பது நிமிஷம் இருக்கும்யா.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். போன ஜனவரியில் கவுக்கோ என்னை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனான். வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, கூடத்தில் பனி ஏறியிருந்தது. உர்ஹோ தன் சொந்தச் சமையலறையில் ரோமத் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தான். கதவைச் சாத்த அவள் விடுவதில்லையாம். பாவம், பயந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ரைலி காபி ஊற்றினாள். என் தொப்பையைக் கிண்டல் செய்தாள். அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லித் திட்டினாள். நல்ல பெண்... எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. குளிரில் எங்கள் பேச்சு ஒவ்வொன்றும் வெள்ளைப் புகையாக வந்தது. கவுக்கோவின் வாயிலிருந்து. உர்ஹோவின் வாயிலிருந்து. என் வாயிலிருந்து.

அவள் சட்டென்று பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க வெளியாளு. நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. என் மூச்சு தெரியுதா?”

அவள் முகத்துக்கு முன்னால் காற்று தெளிவாக இருந்தது. உர்ஹோ மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்தான்.

“தெரியுதும்மா” என்றேன். “நல்லாத் தெரியுது.”

அவள் சிரித்தாள்.

“இவனும் தினம் அதையேதான் சொல்றான்.”