பொன்னாடை போர்த்தப் போகிறவர்

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருந்தார்.

"விழா பேனர்ல என் முகத்தை மட்டும்தான் போட்டிருக்காங்க. அதனால யாருக்கும் அடையாளம் தெரியாது லா," என்றார் அவர்.

நான் கையில் இருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பவில்லை.

"ஆம்பளையும் ஆம்பளையும் நடிக்கிற நீலப்படத்துல ஸ்டாரா இருந்தவனுக்குக் கோயில் மண்டபத்துல பொன்னாடையா மச்சான்?" என்று நண்பர் சிரித்தார்.

"ஜெர்மனியில நடிகனா இருக்கேன்னுதான் அம்மாகிட்ட சொன்னேன். அவங்க தாமான்ல வீடு வீடாப் போய் பெருமையடிச்சிட்டாங்க. எவனாவது வாயைத் திறந்தான்னா, அம்மா அந்தக் கோயில் வாசலையே மிதிக்க முடியாது."

"கோயில் செயலாளர் அண்ணனுக்குத் தெரியும் போல. கூட்டத்துல பேனரைப் பார்த்ததும், 'இந்தப் பையன் மட்டும் வேணாம்'னு ஒத்தக் கால்ல நின்னாராம். எங்கம்மா சொன்னாங்க."

"ஐயோ! காரணம் சொன்னாரா?"

"எங்கே சொல்றது? அவர் பொண்டாட்டியும் கமிட்டியில இருக்காங்களே. 'அந்தப் பையனை உங்களுக்கு எப்படித் தெரியும்?'னு கேட்டாங்களாம். அண்ணன் ஒரு போத்தல் தண்ணியக் குடிச்சிட்டு, 'சரி, போடுங்க'ன்னுட்டாராம். அந்த அக்கா விடல. 'அப்போ பொன்னாடையை நீங்களே போர்த்துங்க'ன்னுட்டாங்க."

கிள்ளான் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்து, தலையை வாரிக்கொண்டார்.

"டேய், தொப்பி?"

"ரசிகரைப் பார்க்கப் போறேன். முகத்தை மறைச்சா மரியாதையா இருக்காது லா."