எப்சிக்கு ஏற்றிய கரைசல்

போலீஸ் ஸ்டேஷன் காபி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை தம்பி. நீங்களும் குடியுங்கள், ஆறிப்போகும். எழுதுவது எங்கேயும் ஓடிவிடாது.

கேளம்பாக்கம் ஆய்வுக்கூடத்தில் நான் செய்துகொண்டிருந்தது ரத்தத்துக்கு ஒரு மாற்று. மாட்டு ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை மட்டும் பிரித்து, அது சிறுநீரகத்தைக் கெடுக்காதபடி அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். அதற்கு குரூப் பார்க்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம். இந்த வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை, அது ஒரு மனித உடம்பில் ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான்.

ஒரு குறை இருந்தது. அந்தக் கரைசல் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். பி.பி. ஏறும், பிறகு இதயம் திணறும். என் முயல்கள் அப்படித்தான் போயின. சாதுவான முயல்கள்.

எங்கள் சபையில், வேதம் விலக்கியது என்று ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. பல்லாவரம் சந்தைக்குப் போனால் ரத்தப் பொரியல் விற்கும் பக்கம்கூடத் திரும்ப மாட்டோம். அதனால்தான், கோவிலம்பாக்கம் நர்சிங் ஹோமில் பிரசவத்தில் எங்கள் சபைப் பெண் எப்சிக்கு ஏகப்பட்ட உதிரம் போனபோது, அவள் அம்மா ரத்தினபாய் எனக்குப் போன் செய்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்தான் வெளுத்துக் கிடந்தாள். கரைசல் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

ரத்தினபாய் பையைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, செவப்பா இருக்கே. ரத்தம் இல்லியே?"

"மருந்தும்மா. நம்ம ஆளுங்களுக்குன்னே செஞ்சது."

"ஸ்தோத்திரம்" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டர் அனந்தகிருஷ்ணனுக்கு மனமில்லை. "ஜோசலின் மேடம், மேட்ச் ஆன ரத்தம் ரெடியா இருக்கு. நான் கேட்டா அந்தப் பொண்ணு அம்மா மூஞ்சியவே பாக்குது. உங்க சபைப் பொண்ணுதானே, தனியா கேட்டுப் பாருங்க. வேணாம்னுட்டா, வேற வழியில்ல, உங்க பைய மாட்டலாம்."

உள்ளே போய்க் கேட்டேன். வெளியே வந்து, வேண்டாம் என்கிறாள் என்றேன். பையை மாட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பி.பி. ஏறத் தொடங்கியது. "ஏறுது பாருங்கக்கா! கர்த்தர் கைவிடல!" என்று ரத்தினபாய் அழுதாள், சிரித்தாள், நர்சுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்தாள். ஏறுவது குழாய்களின் இறுக்கம் என்று எனக்குத் தெரியும். அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. சாயங்கால ஜெபத்துக்குள் எப்சியின் இதயம் நின்றுவிட்டது. என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்சி என்ன சொன்னாள் என்றுதானே கேட்கிறீர்கள். "ரத்தமே ஏத்தச் சொல்லுங்க ஆன்ட்டி. பாப்பாவ வளக்கணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." மெதுவாகப் பேசினாள், ஆனால் தெளிவாகத்தான் கேட்டது. வேறு ரத்தமும் சேர்ந்துவிட்டால், எது என் கரைசல் செய்த வேலை என்று யார் பிரித்துச் சொல்வது? அதனால்தான் டாக்டரிடம் மாற்றிச் சொன்னேன்.

ஆனாலும் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்ட ஒன்றை நான் மீறவில்லை தம்பி. இன்றுவரை ரத்தினபாயிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். பெற்ற மனசு, தாங்காது.