மாமனார் பல்செட்டுக்கு வைத்த மெத்தை

டாக்டர், உங்க கிளினிக் கதவு மூடறப்ப சத்தமே வரல. நல்ல வேலை. இதெல்லாம் என் காதுக்கு உடனே தெரியும், தொழில் அப்படி.

நான் பிரஸ் பட்டறையில இருக்கேன். இரும்பு இரும்பை இடிக்கிற இடத்துல ரப்பர் மெத்தை ஒட்டி சத்தத்தைக் குறைக்கிறது என் வேலை. பசை தடவி வெச்சா போதும், மிஷின் ஒரு தடவை அழுத்தினதும் அதுவா பிடிச்சுக்கும்.

மாமனார் நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தார். மழைக்காலமே முடிஞ்சு போச்சு. தங்கமான மனுஷர். பல்செட் மட்டும் சாப்பிடறப்ப டக் டக்னு இடிக்கும். "வயசானவர், விடுங்களேன்"னா என் பெண்டாட்டி. விட்டுட்டேன். ஆனா அந்த டக் டக்குக்கு நடுவுல, "இவளுக்கு ஒரு இன்ஜினியர் வரன் வந்துச்சு மாப்பிள்ளை, நான்தான் அவசரப்பட்டுட்டேன்"ம்பார். தினமும் இதே பாட்டு. காது புளிச்சுப் போச்சு. சத்தம் உடம்புக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியாததா.

நேத்து மத்தியானம் பல்லைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டுத் தூங்கினார். எடுத்துத் துடைச்சு, கீழ்ப் பல்வரிசை மேல ரப்பர் வெச்சேன். எழுந்து மாட்டிக்கிட்டார். "மாப்பிள்ளை, ஒரு விஷயம் சொல்லணும்"னு ஆரம்பிச்சு, பிஸ்கட்டை ஒரு கடி கடிச்சார். அவ்வளவுதான். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒண்ணாயிடுச்சு, கண்ணு ரெண்டும் பிதுங்கிடுச்சு. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

முறைப்படி ரப்பருக்கு ஒரு பக்கம்தான் பசை தடவணும். நான் ரெண்டு பக்கமும் தடவினேன். கைத்தவறு இல்ல. வேலைன்னா சுத்தமா இருக்கணும் எனக்கு.

பேத்தியோட சிலேட்டைப் பிடுங்கி எழுதினார்: 'ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கிளம்பறேன்னு சொல்ல வந்தேன்.' படிச்சுட்டு, விடிஞ்சதும் அவரை இங்க கூட்டிட்டு வந்தேன். இப்ப நீங்க பிரிக்கப் போய் செட்டே உடைஞ்சு, புதுசு வர ரெண்டு மாசம்னுட்டீங்க. அதுவரைக்கும் எங்க வீட்டுலதானாம். என்னோட இனிமே பேச்சே கிடையாதாம், எல்லாம் சிலேட்டுலதானாம். அதுக்கப்புறம் முதல்ல எழுதிக் காட்டினதே அந்த இன்ஜினியரைத்தான்.

கேக்குதா டாக்டர்? வெளியில உட்கார்ந்து எழுதறார், சாக்பீஸ் சிலேட்டுல டொக் டொக்குன்னு இடிக்குது. பையில ரப்பர் கொஞ்சம் மீதி இருக்கு, பசையும் இருக்கு. அவர் கையை மட்டும் ஒரு நிமிஷம் நீட்டச் சொல்லுங்களேன்.