மூச்சை அடக்கி வந்த மாப்பிள்ளை

கடலுக்குள் கூட்டிக்கொண்டு போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, எதையும் தொடவேண்டாம் என்பதைத்தான். அழகாக இருப்பதில் பாதி குத்தும், பாதி சுடும். நீங்கள் முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, பார்த்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர் ஐயா? கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். தலை தண்ணீருக்குள் போனதும் கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்சம் போனால் கல் முடிந்து தரை சரியும். அங்கே திருக்கைகள் மணலைப் போர்த்துக்கொண்டு கிடக்கும். ஐந்து பாகம், முப்பது அடி ஆழம். அதற்கு அப்பால் நான் யாரையும் கொண்டுபோவதில்லை.

என் பெயர் ஸெய்னுதீன். துறைமுகத்தில் சுழியோடியாக இருந்தவன். சண்டைக் காலத்தில் கடலடியில் தாண்டுபோன கப்பல்களிலிருந்து இரும்பு எடுக்கிற வேலை. ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே அன்று செத்த உணர்ச்சி முழுதாகத் திரும்பி வரவில்லை. இரண்டு தடிகளை ஊன்றித்தான் நடக்கிறேன். தண்ணீரில் இறங்கிவிட்டால் கவலையில்லை, அங்கே கைகளே போதும். அதனால்தான் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில், வரும் வெள்ளைக்காரருக்குக் கடலைக் காட்டுகிற வேலை கிடைத்தது.

கரையில் எனக்கு எல்லாம் என் மகள் றம்லாதான். மனைவி மௌத்தான பிறகு என்னைப் பாயிலிருந்து தூக்குவதும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் அள்ளி ஊற்றுவதும் அவள். வேலைக்கும் துணைக்கு வருவாள். நான் விருந்தாளிகளுக்குப் பாடம் சொல்லும்போது மணலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது மனப்பாடம்.

அவளுக்குப் பேசிய மாப்பிள்ளை கலீலுர் றஹ்மான் நல்ல பிள்ளை. இதை எங்கே கேட்டாலும் சொல்லுவேன். கிண்ணியாவில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். எங்கள் ஆட்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அந்த எண்ணத்தில்தான் நான் ஓம் என்றேன். நாள் குறித்த பிறகு அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது.

"மாமா, நீங்களும் எங்களோட வாங்க," என்றார். "ஒங்கள உட்டுட்டு றம்லா வரமாட்டா. எனக்கும் மனம் வராது."

மாடிவீடாம். படி ஏற எனக்கு ஏலாது. தூக்கி ஏற்றினாலும் பிறகு இறங்க ஏலாது. அங்கே எனக்கு மிச்சமாவது ஒரு கட்டிலும் ஒரு சன்னலும். றம்லாவை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை. ஒரு தகப்பன் அதை எந்த வாயால் சொல்லுவான்? நான் நிறைய யோசித்தேன், ஐயா. எந்தப் பக்கமும் வழி இருக்கவில்லை.

கடலுக்கு அடியில் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டவர் அவர்தான். நானாகக் கூப்பிடவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

இறங்குவதற்கு முதல்நாள் பின்னேரம் முற்றத்தில் வைத்துப் பாடம் சொன்னேன். றம்லா மாவிடிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டரின் வாய்க்குழாயை எப்படிக் கடிப்பது, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது, காது வலித்தால் என்ன செய்வது எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கடைசியாக, "மேல வரக்கொள்ள நெஞ்சு நிறைய மூச்ச எடுத்து இறுக்கி அடக்கிக்கங்க, மருமகன். தலை வெளிய வரும்வரைக்கும் உடப்படாது," என்றேன்.

"சரி மாமா," என்று அங்கேயே அடக்கிக் காட்டினார். கன்னம் உப்பி, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் கடல் அசைவில்லாமல் கிடந்தது. றம்லாவும் அவளுடைய சாச்சி பரீதாவும் கரையில் இருந்தார்கள். உள்ளே போனதும் அவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஒவ்வொரு மீனையும் எனக்குக் காட்டினார், நான் பார்க்காததைப் போல. பொந்திலிருந்து ஓர் அஞ்சாலை, பாம்பு மாதிரித் தலையை நீட்டியபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவேயில்லை. சரிவில் வைத்து, போவோம் என்று மேலே சைகை காட்டினேன். மூச்சை நிறைய இழுத்து, தலையாட்டினார். மேலே போனார். வேகமாகப் போனார்.

ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும், ஐயா. விட்டுக்கொண்டேதான் வரவேண்டும். அடக்கினால் நெஞ்சு கிழியும். நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து அவரைக் கரைக்கு எடுத்தார்கள். நான் தடியில்லாமல் முழங்கையால் மணலில் ஊர்ந்துகொண்டு போனேன். என்னைத் தூக்க ஒருவரும் வரவில்லை. அவர் வாயில் இரத்தமும் நுரையும். றம்லா தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"மேல வரக்கொள்ள மூச்ச உட்டீங்களா? சொல்லுங்க, உட்டீங்களா?"

"இல்ல. நல்லா அடக்கித்தான் வந்தனான். மாமா சொன்ன மாதிரியே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்பதைப் போல இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மௌத்தாகிவிட்டார்.

றம்லாவும் என்னைப் பார்த்தாள். மையித்தை அடக்கிய பிறகு நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் கேட்குமுன் மிச்சத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். பிழையாகச் சொல்லிக்கொடுத்தது மட்டுமில்லை. அவர் தலையாட்டியதும், அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டியின் கொளுக்கியைக் கழற்றினேன். அந்தப் பாரம் போனால் ஆள் தக்கை மாதிரி மேலே போவார். அப்போதும் அவர் என் கையைப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். நோகாமல்தான் பிரித்தேன்.

றம்லா அவருடைய உம்மாவோடு இருக்கப் போய்விட்டாள், இனித் திரும்பமாட்டாள் என்கிறீர்கள். இப்போது அப்படித்தான் சொல்லுவாள். சின்னப் பிள்ளை, மனம் உடைந்திருக்கிறாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவாள், ஐயா. பாவம், நான் இல்லாமல் இருக்க அவளுக்கு ஏலாது.