அப்பா தூங்கும் படம்

தாராவியில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகள் மடியில் அவள் வரைந்த படங்களின் பெரிய கட்டு.

"அப்பா தூங்குற படம் எங்கம்மா?"

"அரிசி டின்னுக்கு அடியில கெடக்கு. லுங்கி வெலகிக் கெடக்காரு, அதையா ஓவியக் காலேஜ்காரங்க பாக்கணும்?"

"வீட்டுல வரைஞ்சதத்தான் இன்டர்வியூல முக்கியமா கேப்பாங்க. அது இல்லாம எப்படி சீட்டு தருவாங்க?"

"கிளாஸ்ல வரைஞ்ச ஆப்பிளு, கூஜா எல்லாம் இருக்கேட்டி."

"அரே, அது எல்லார்கிட்டயும் இருக்கும்மா."

மாட்டுங்காவில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. மகள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தாயையே பார்த்தாள்.

"ஆடாம இரு."

"என்னையா வரையப் போற? கொஞ்சம் இருட்டி," என்று தாய் முந்தானையை இழுத்துவிட்டாள்.

"சரி பண்ணாதம்மா. இதையாவது விட்டுவை."