குசினிக்குப் பின்னால் ஒரு அறை

புத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கட்டப்போகும் வீடுகளுக்கு வரைபடம் கீறும் வேலை செய்பவள்.

"நாலு அறை வீடடி. கொம்பியூட்டர் அஞ்சு அறைக்குப் படத்தாள் போட்டுது," என்றாள் அவள்.

"எப்பிடி?"

"ஒவ்வொரு அறையையும் வியூபோர்ட் எண்ட சட்டத்துக்குள்ள வைச்சு, அளவு குடுத்துத் தனித்தனித் தாளில போடுறது பெரிய அலுப்பு. அதைத் தானாச் செய்ய ஒரு புரோகிராம் எழுதினனான். அது குசினிக்குப் பின்னால, வெறும் நிலத்தில, நான் கீறாத ஒரு சதுரத்தையும் காட்டுது."

"அழிக்கிறதுதானே?"

"அழிச்சாலும் திரும்ப வந்துது. கடைசியில அப்பிடியே கனடாவுக்கு, வீட்டுக்கார அண்ணைக்கு அனுப்பினன். அவர் உடன போன் எடுத்தவர்."

"பிறகு?"

"'தங்கச்சி, சண்டைக்காலத்தில எங்கடை பதுங்குகுழி, பங்கர், அதிலதான் இருந்ததெண்டு ஆர் சொன்னது?' எண்டு கேட்டவர். செல் குண்டு விழுந்து வாசல் மூடினபோது அவரின்ரை அம்மா உள்ளுக்கையாம், வெளியில வரவேயில்லையாம். 'அதை அழிக்காதேங்கோ, ஒரு கதவு வையுங்கோ' எண்டவர்."

பஸ் ஒரு தரிப்பில் நின்று கிளம்பியது.

"வைச்சனியே?" என்று மற்றவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஓம். கதவு வைச்சாப் பிறகு அந்த அஞ்சாவது தாள் வரேல்லை."