அந்தத் தாய் சொன்னதை மட்டுமே சொன்னவருக்கு

யாங்கூன் நகரின் கியாக்டடாப் பகுதியில், ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில், சூலே வீதிப் பேருந்துகளின் ஊதல் ஒலிக்கு மேலே அமைந்த நம் குரல் பதிவுக் கூடத்தில், இருபத்தெட்டு ஆண்டுகள் மொழிமாற்று இயக்குநராகப் பணியாற்றி இன்று விடைபெறும், எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய ஆசிரியை, செயாமா சாந்தகுமாரி அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் எழுந்து நின்று வாசித்து அளிக்கும் மடல்.

பெருமதிப்புக்குரியவரே!

பர்மியத் தோழர்கள் எழுதிய மடல் சற்று முன் வாசிக்கப்பட்டது. அது அழகாக இருந்தது. அதன் பிறகு தமிழில் இன்னொன்று எதற்கு என்று இங்கே சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் தயங்கினோம். "அக்காவுக்குக் கோவம் வந்தா தமிழ்லதான் திட்டுறாங்க. பாராட்டுறத மட்டும் ஏன் பர்மா பாஷையில வச்சுக்கணும்?" என்று கேட்டவர் ஒலிப்பொறியாளர் யாசர். அவர் கேட்டது நியாயமாகப் பட்டது. எங்கள் தமிழ் மாலை வகுப்பில் கற்ற தமிழ். எழுதியதை மும்முறை திருத்தியும் ஐயம் தீரவில்லை. பிழை இருந்தால், பதிவின்போது செய்வதுபோல், காதொலிக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களைப் பாருங்கள், புரிந்துகொள்வோம்.

மூச்சுக்கும் மொழி தந்தவரே!

வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். உலக நாடுகளின் சிறப்புப் படைகளைப் பற்றிய ஆவணப்படத் தொடர் ஒன்று ஏழு ஆண்டுகள் நம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பகுதிக்கு ஒரு நாடு, ஒரு படை. அதைப் பர்மிய மொழியில் பேச வைத்தது நீங்கள். துப்பாக்கியைத் தொட்டறியாத நாம் அத்தனை படைகளுக்கும் குரலானோம். தளபதிகளுக்கெல்லாம் ஒரே குரல், நம் கார்த்திகேசன் குரல். உலகத்தின் கடுமையான தளபதிகள் எல்லாரும் அவர் தொண்டையிலிருந்து வந்தவர்கள். தெருநாயைக் கண்டால் அவர் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார் என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாது.

பிரிட்டனின் சிறப்புப் படைக்கு ஆள் எடுக்கும் முறை அந்தத் தொடரில் வந்தது. தேர்வுக்கு வந்தவன் முதுகில் மூட்டையோடு மலைகளைத் தனியாகக் கடக்க வேண்டும். வழியில் நிற்கும் பயிற்றுநர் திட்டவும் மாட்டார், தட்டிக்கொடுக்கவும் மாட்டார். மலையுச்சியில் ஒருவன் சொல்லும் ஒற்றை வாக்கியத்தைக் கார்த்திகேசன் செய்தி வாசிப்பதுபோல் சொல்லி முடித்தார். நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டீர்கள்.

"ஏன் கார்த்தி, நீ இப்ப மலை மேலயா இருக்கே, சாய்வு நாற்காலியிலயா?"

"மைக் முன்னாடி இருக்கேன், அக்கா."

"கீழ போயிட்டு ஏறி வா."

மின்தூக்கி இல்லாத ஆறு மாடி. அவர் இறங்கினார், ஏறினார், உள்ளே வந்தார். வந்தவர் வசனத்தைச் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார். "வசனத்தச் சொல்லிட்டுக் குடி" என்றீர்கள். அன்று பதிவான அந்த மூச்சு எழுதிக் கொடுத்து வருகிற மூச்சாக இல்லை. அன்று முதல் அதுவே இந்தக் கூடத்தின் வழக்கம். ஓடுகிறவனுக்குக் குரல் கொடுப்பவர் ஓடிவிட்டு வர வேண்டும். கூர்க்காப் படைத் தேர்வில் கூடையைச் சுமந்து மலையேறும் பகுதி வந்தபோது மட்டும் கார்த்திகேசன் காலையிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

காட்டுக்குள் பதுங்கியிருப்பவர்கள் கிசுகிசுக்கும் காட்சி ஒன்றில் யாசர் ஒலியை உயர்த்தித் தெளிவாக்கித் தந்தார். "பதுங்கி இருக்கிறவன ஏன்டா கூவ விட்டே? ஒரு நிமிஷத்துல எல்லாரும் செத்துருப்பாங்க" என்றீர்கள். யாசர் "சரி அக்கா" என்று மறுபடி தொடங்கினார். யாசர் எதற்கும் "சரி" என்பார். அதை இங்கே குறித்து வைக்கிறோம், பின்னால் தேவைப்படும்.

தோற்றவரையும் தாழ்த்தாதவரே!

அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் பிரிவுக்கான பயிற்சியில் ஒரு வெண்கல மணி உண்டு. இனி முடியாது என்பவன் அதை மூன்று முறை அடித்துவிட்டு, தன் தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போகலாம். நமக்கு வந்த வசனப் பிரதியில் அப்படிப் போனவர்களைக் கோழைகள் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்தீர்கள். "வீட்டுக்குப் போறவன் வீட்டுக்குத்தான் போறான். அவங்கம்மா சோறு போட மாட்டாளா?" என்றீர்கள். போனவர்கள் என்று மட்டும் பதிவானது.

ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து தினமும் படகில் வரும்போது அன்றைய வசனங்களை முணுமுணுத்துக்கொண்டே வருவீர்கள். ஒரு காலை, "கதவை உடை, உள்ளே போ, யாரையும் விடாதே" என்று பர்மிய மொழியில் நீங்கள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த குடும்பம் கூடையோடும் கோழியோடும் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டது. அதைச் சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும், எதிரொலியைத் தடுக்க இந்தச் சுவர்களில் தொங்கும் மெத்தைகளுக்குள் எங்கோ இருக்கிறது.

சொல்லுக்குக் காவல் நின்றவரே!

இனி வருவதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். பாராட்டு மடலில் பாராட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். கடைசியில் நம் கூடத்தின் மேலாளர் சுலைமான் பாயிடமே கேட்டோம். "எழுதுங்க. நான் கத்துனதையும் சேத்து எழுதுங்க" என்றார்.

சென்ற மழைக்காலத்தில் அந்தத் தொடரின் பகுதி ஒன்று வந்தது. எந்த நாடு என்பதை இங்கே எழுதவில்லை; அதில் வரும் தாய் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறார். அவர் மகன் சிறப்புப் படைத் தேர்வுக்குப் போனவன். வெயிலில் நடந்த நீண்ட நடையில் விழுந்தான், எழவில்லை. படத்தில் அந்தத் தாய் சமையலறை மேசை முன் உட்கார்ந்து பேசுகிறார். முந்தின நாள் மகன் தொலைபேசியில் அழைத்து, கால் முடியவில்லை என்றானாம். இன்னும் ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள் என்று இவர் சொன்னாராம். வந்துவிடு என்று சொல்லியிருக்கலாம் என்கிறார். அவ்வளவுதான் அவர் பேசியது; படத்தின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளில் படித்தோம்.

ஒளிபரப்பாளர் நமக்கு அனுப்பிய பர்மியப் பிரதியில் அது இல்லை. 'என் மகனை எண்ணிப் பெருமைப்படுகிறேன், இன்னொரு மகன் இருந்தால் அவனையும் அனுப்புவேன்' என்று இருந்தது. அதை எழுதியவர் தொழில் தெரிந்தவர். அளவு சரியாக இருந்தது, உதட்டசைவும் பொருந்தியது. அந்த வயதுக் குரல் கூடத்தில் உங்களுடையது ஒன்றுதான். நீங்கள் ஒலிவாங்கியின் முன் போய் நின்றீர்கள், ஒருமுறை படித்தீர்கள், வெளியே வந்துவிட்டீர்கள்.

சுலைமான் பாய் முதலில் தணிவாகத்தான் பேசினார்.

"பத்துப் பன்னெண்டு வார்த்தைதான அக்கா. அந்தம்மா பேசுற பாஷை இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும், பாய்."

"அவங்க இதப் பாக்கவா போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

பிறகுதான் அவர் குரல் உயர்ந்தது. "இந்தத் தொடர் போச்சுன்னா இங்க அஞ்சு பேருக்கு வேலை கிடையாது. தெரியுமா உங்களுக்கு? சரி, நீங்க பேச வேணாம். ஸமீராவப் பேச வச்சு முடிச்சுடறேன்."

"முடிங்க. ஆனா அந்தம்மா நெசமா என்ன சொன்னாங்கன்னு அவகிட்டச் சொல்லிட்டு முடிங்க."

ஸமீரா நம் இளைய குரல் கலைஞர். வீட்டில் இரண்டு தம்பிகள். பாய் அவரிடம் சொன்னார். மறைக்காமல் சொன்னார், அதையும் எழுத வேண்டும். ஸமீரா காதொலிக் கருவியை மேசை மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வயசு போதாது, பாய்" என்றார். அதே பகுதியில் தளபதிக்குப் பேச வேண்டிய கார்த்திகேசன், "நான் படியில உக்காந்திருக்கேன், கூப்பிட்டா வரேன்" என்று சொல்லிப் போனார். கூப்பிடாதீர்கள் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த நாள்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் படிக்கட்டுக்குப் போய், தாய்லாந்தில் வேலை செய்யும் மகனோடு பேசுவீர்கள். "பொறுத்துக்கோடா" என்று நீங்கள் சொல்வது கதவைத் தாண்டிக் கேட்கும். ஒட்டுக்கேட்டதாக எண்ண வேண்டாம். மெல்லிய ஒலிகளையும் கேட்கப் பழக்கியது நீங்கள். அந்தப் பகுதி வந்த மறுநாள் வேறு சொல் கேட்டது. "முடியலைன்னா விட்டுடு. வேற வேலை பாத்துக்கலாம். விட்டுட்டேன்னு எங்கிட்டச் சொல்லு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றீர்கள். ஏன் உங்களால் அந்தப் பிரதியைப் படிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுதாகப் புரிந்தது.

பாய் ஒளிபரப்பாளரோடு பலமுறை பேசினார். ஒன்று அவர்கள் எழுதியதைப் பேச வேண்டும், இல்லையென்றால் அந்தத் தாயையே படத்திலிருந்து வெட்டிவிடுவார்கள். கடைசி அழைப்பு முடிந்ததும் உள்ளே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவங்க சொன்னதையே சொல்லுங்க, அக்கா. நாம அனுப்பிடுவோம். வெட்டுறது அவங்க பாடு" என்றார்.

பதிவு அன்று பிற்பகலில் நடந்தது. மின்சாரம் போயிருந்தது; சத்தம் வரும் என்பதால் ஜெனரேட்டரைப் போடவில்லை, மின்கலத்தில்தான் வேலை. கார்த்திகேசன் வழக்கத்தை நினைத்து, "நீங்க ஏறிட்டு வர வேணாமா, அக்கா?" என்று கேட்டார். "இதுக்கு ஏறக்கூடாது. உக்காரணும்" என்று சொல்லி, சமையலறை முக்காலி ஒன்றைத் தேநீர்க் கடையிலிருந்து வாங்கி வரச் சொன்னீர்கள். அதில் உட்கார்ந்து, எதிரே இருந்த மேசையில் கையை வைத்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தீர்கள். யாசர் பதிவை நிறுத்தவில்லை. பிறகு அந்தத் தாய் சொன்னதைச் சொன்னீர்கள். கூட்டவில்லை, குறைக்கவில்லை, அழவும் இல்லை. மறுபதிவு கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அது ஒளிபரப்பாகவில்லை. அன்று நாம் எல்லாரும் இந்தக் கூடத்தில்தான் பார்த்தோம். அந்தத் தாய் வர வேண்டிய இடத்தில் காலணிகள் ஓடின, இசை முழங்கியது, அதன் மேல் கார்த்திகேசன் எப்போதோ பேசிய வீர வசனம் ஒன்றை எடுத்து ஒட்டியிருந்தார்கள். தன் குரலைக் கேட்டு அவர் குனிந்துகொண்டார். தொடரின் அடுத்த பருவம் வேறு கூடத்துக்குப் போனது.

"என்னாலதான போச்சு?" என்று அந்தச் செய்தி வந்த அன்று நீங்கள் கேட்டீர்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போனீர்கள்; அதன் பிறகு இந்த அறையில் பழைய மாதிரி யாரையும் அதட்டவில்லை. ஆகவே இந்த மடலை எழுத வேண்டியிருந்தது. பதில் இதுதான். ஆம் அக்கா, உங்களால்தான் போனது. நீங்கள் அந்த வார்த்தைகளைப் பேசியிருந்தால் தொடர் இங்கேயே இருந்திருக்கும். நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இங்கேயே இருந்திருப்போம். போனது தொடர் மட்டும். வேலையிலிருந்து ஒருவரும் போகவில்லை. சிறுவர் படங்களும் மருத்துவப் படங்களும் வருகின்றன. தளபதி கார்த்திகேசன் இப்போது ஒரு கரடிக்குக் குரல் கொடுக்கிறார். மரமேறும் கரடி என்பதால் படிகளிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

எங்கள் செயாமாவே!

உங்கள் முழங்கால்கள் இனி ஆறு மாடிகளை மறக்கட்டும். டாலாப் படகில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் நாள்கள் நிறைய வரட்டும். மகன் அழைக்கும்போதெல்லாம் அவன் குரல் தெளிவாகக் கேட்கட்டும். நோயின்றி, குறையின்றி, கோபம் மட்டும் குறையாமல் நீண்ட காலம் வாழுங்கள். தவறாக ஒரு வார்த்தை எங்காவது காதில் விழுந்தால் தமிழிலேயே திட்டுங்கள். ஆற்றைத் தாண்டியும் எங்களுக்குக் கேட்கும்.

இன்னும் ஒன்று உண்டு. வெட்டிய பகுதியின் ஒலிப்பதிவை அழித்துவிடும்படி ஒளிபரப்பாளர் சொன்னார். யாசர் "சரி" என்றார். அழிக்கவில்லை.

ஆகவே, மடல் முடிந்ததும் யாரும் கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஸமீரா சன்னல்களைச் சாத்துகிறார். சுலைமான் பாய் மின்விசிறியை நிறுத்துகிறார். கார்த்திகேசனுக்கு இந்தப் பகுதியில் வசனம் இல்லை. அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும்; யாசர் அந்தப் பதிவை ஓடவிடுவார். அந்தத் தாய் மேசை முன் உட்கார்ந்து சற்று நேரம் ஒன்றும் பேசமாட்டார். காத்திருப்போம். பிறகு அவர் சொல்வதைக் கேட்போம்.

மாறாத அன்புடன்,
சுலைமான், கார்த்திகேசன், யாசர், ஸமீரா
மற்றும் ஆறாம் மாடிக் கூடத்தின் பணியாளர்கள்
கியாக்டடா, யாங்கூன்